வீட்டு மீன்குளத்துக்கு நீருக்கடி விளக்கு: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

காட்பாடி காந்தி நகரில் உங்கள் வீட்டின் பின்புறம் பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டி, அதில் எட்டு கோய் மீன்களும் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) சில தங்கமீன்களும் வளர்ப்பதாகவும், இரவில் அவற்றைப் பார்ப்பதற்கு நீருக்கடியில் விளக்கு வைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் நிறம் மாறும் 12 வாட் விளக்குகள் நான்கு கொண்ட பெட்டியைக் காட்டினார். எலக்ட்ரீஷியன் சொன்னதைக் கேட்டு, 230 வோல்ட்டில் எரியும் 20 வாட் ஃப்ளட் லைட் ஒன்றையும் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். வெளிச்சம் இருந்தால் மீன் தூங்காதே என்று உங்கள் தாயார் கவலைப்படுகிறார். இவற்றுக்கு நடுவே, மாலையில் பிள்ளைகள் இருவரும் குளத்தில் கையை விட்டு மீனுக்குத் தீனி கொடுப்பார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் பதில் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

பிள்ளைகள் கை வைக்கும் தண்ணீருக்குள் 230 வோல்ட் விளக்கு இருக்கவே கூடாது. நனைந்த தோலுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் வலு மிகவும் குறைவு. தரையில் ஈரக்காலோடு நிற்கும் ஒருவர், கசிவுள்ள விளக்கு கிடக்கும் நீரில் கையை வைத்தால், மின்சாரம் அவர் உடல் வழியாகவே மண்ணுக்குப் போகும். சர்வதேச மின்நிறுவல் நெறிகள் நீச்சல் குளத்துக்குள் மாறுதிசை மின்சாரம் 12 வோல்ட்டுக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்திருப்பது இதனால்தான். மீன்குளத்தில் யாரும் நீந்துவதில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தீனி போடுவதற்கும், பாசி எடுப்பதற்கும், விழுந்த பந்தை எடுப்பதற்கும் தினமும் கை உள்ளே போகிறது. ஆகவே 12 வோல்ட் விளக்கு என்பதை மாற்றமில்லாத முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. மலிவான பெட்டிகளோடு வரும் சிறிய அடாப்டர்களில் வீட்டு மின்சாரத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு எவ்வளவு நம்பகமானது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதில் ஒரு பாகம் பழுதானால் 230 வோல்ட்டே குளத்துக்குள் இறங்கிவிடக்கூடும். இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாகச் சுற்றப்பட்ட, கனமான, பாதுகாப்புப் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தேவைக்கு 40 அல்லது 50 வோல்ட்-ஆம்பியர் அளவு போதும். அதைக் குளத்தங்கரையில் வைக்காமல், மழைச்சாரல் படாத சுவரில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பொருத்துங்கள். விளக்கும் மாறுதிசை மின்சாரத்தில், அதாவது ஏசியில், எரியக்கூடியதாக இருக்கட்டும். நேர்திசை மின்சாரத்தில் கசிவு ஏற்பட்டால் ஒரு பக்கத்துச் செம்பு வேகமாகக் கரைந்து நீரில் கலக்கும், செம்பு மீன்களுக்கு நஞ்சு. பழைய ஹாலோஜன் விளக்குகளுக்காகச் செய்யப்பட்ட எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். குறைந்தபட்சச் சுமை இல்லாமல் அது ஒழுங்காக இயங்காது என்பதால் எல்.இ.டி. மினுக்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். விளக்கை 12 வோல்ட்டில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பார்கள், ஆனால் அதே நீருக்குள் வடிகட்டிக்காக ஓடும் சப்மெர்சிபிள் பம்ப் 230 வோல்ட்டில் இருக்கும். உங்கள் குளத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பம்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், கட்டாயம் வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். குளத்துக்கென்று தனியாக ஓர் ஆர்.சி.சி.பி. வைப்பது நல்லது. வீடு முழுவதற்கும் ஒன்றே இருந்தால், சமையலறை மிக்ஸியில் கசிவு வந்து டிரிப் ஆகும்போது குளத்துப் பம்பும் நின்றுவிடும், நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் தீனி போடும் நேரத்தில் பம்பின் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கத்தையும் வீட்டில் கொண்டுவாருங்கள்.

இனி விளக்குக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்குகிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் மின்வேலை பார்த்தவன், சத்துவாச்சாரியில் என் வீட்டுக் குளத்துக்குப் பதினோரு வயதாகிறது. இரண்டு அனுபவமும் ஒன்றையே சொல்கின்றன: நீருக்கடி விளக்கை ஒயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி உடைந்து கெட்ட விளக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒயர் வழியாகத் தண்ணீர் ஏறிக் கெட்டவைதான் அநேகம்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அணைத்ததும், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் விரைவாகக் குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது உள்ளே அழுத்தம் குறைந்து, எங்கே ஒரு மயிரிழை வழி இருக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை விளக்கு உறிஞ்சும். ஒவ்வோர் இரவும் இது நடக்கிறது. ரப்பர் வளையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒயரின் மறுமுனையில் போட்ட இணைப்பு நனைந்த இடத்தில் இருந்தால், செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, நேராக விளக்குக்குள் போய்ச் சேரும்.

நான் முதலில் வாங்கிய மூன்று விளக்குகளும் அலுமினிய உடம்பு கொண்டவை, பெட்டியில் ஐ.பி. 68 என்ற நீர்புகாமைக் குறியீட்டைப் பெரிதாக அச்சிட்டிருந்தது. இரண்டாவது கோடையில் ஒன்று மங்கி, பிறகு அணைந்தது. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்திருந்தது, அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் நின்றது, கண்ணாடி வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கத்து ஒயரின் கறுப்பு உறையைப் பிளேடால் நெடுக்காகக் கீறினேன். உள்ளே செம்பு இழைகள் ஒரு சாண் நீளத்துக்குக் களிம்பேறி, விரலால் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. கரையோரக் கல்லுக்குக் கீழே நான் டேப் சுற்றிப் போட்டிருந்த இணைப்பிலிருந்துதான் தண்ணீர் ஏறியிருந்தது. குற்றத்தில் பாதி விளக்கினுடையது, பாதி என்னுடையது.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டியவை வருமாறு. விளக்கின் உட்புறம் காற்று வெளியில்லாமல் முழுவதும் ரெசின் ஊற்றி அடைக்கப்பட்டதா என்று கேளுங்கள். அப்படி ஊற்றிய விளக்குக்கு உறிஞ்ச இடமே கிடையாது. பழுதானால் திறந்து சரிசெய்ய முடியாது என்ற குறை உண்டு, ஆனால் நம் ஊர்ச் சூழலில் அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம். ஒயர் விளக்கோடு சேர்த்தே ஆலையில் வார்க்கப்பட்டு, குறைந்தது மூன்று மீட்டராவது, முடிந்தால் ஐந்து மீட்டர், இணைப்பில்லாமல் நீண்டிருக்க வேண்டும். ஐ.பி. 68 என்ற குறியீட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். 68 என்றால் தொடர்ந்து மூழ்கியிருக்கலாம், ஆனால் எத்தனை ஆழம் வரை என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். ஆழம் அச்சிடப்படாத 68 என்ற எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

உடம்பு எந்த உலோகம் என்பதை நம் வேலூர் மாவட்டத்தில் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டியிருக்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமாகவும் உப்பாகவும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும், அது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதும் நம் ஊர் அறிந்த வரலாறு. உங்கள் குளத்தில் நிரப்புவது போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு கோடையில் குளத்து நீர் ஆவியாக ஆவியாக நாம் மேலும் மேலும் போர் தண்ணீரையே விடுகிறோம், தண்ணீர் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அலுமினிய உடம்பு அந்த நீரில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். சாதாரண 304 துருப்பிடிக்கா எஃகிலும் குளோரைடு மிகுந்த நீரில் ஊசிமுனைக் குழிகள் வரும். மாலிப்டினம் கலந்த 316 எஃகு அதைவிட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பித்தளை, வெண்கல விளக்குகள் நெடுநாள் உழைப்பவை, கடின நீரில் அவற்றால் மீனுக்குப் பெரிய தீங்கு வருவதில்லை, ஆனாலும் சின்னக் குளத்தில் செம்பு கலந்த உலோகத்தை நான் தவிர்க்கிறேன். உங்களுக்கு என் பரிந்துரை, கெட்டியான பிளாஸ்டிக் உடம்பில் ரெசின் ஊற்றிய விளக்கு. அரிக்க அதில் எதுவுமில்லை, விலையும் குறைவு.

ஒயரின் கனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, விளக்கு மங்கினால் மட்டும் விளக்கைக் குறை சொல்வார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து குளம் இருபது மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போய்வர நாற்பது மீட்டர் செம்பு. கடைக்காரர் காட்டிய நான்கு 12 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த நாற்பது மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை உண்டு, ஆக வழியிலேயே 4 வோல்ட் தீர்ந்துபோய் விளக்குக்கு 8 வோல்ட்தான் சேரும். நான் சொல்லப்போகும் மூன்று 5 வாட் விளக்குகளுக்கு மொத்தம் 1.25 ஆம்பியர் போதும். அவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. இதற்கென்று தனியாகத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் போர்வெல் மோட்டாருக்கு இறக்கும் தட்டை கேபிள் எல்லா மின்கடைகளிலும் கிடைக்கிறது, தண்ணீரில் கிடப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குளத்தருகே உள்ள ஜங்ஷன் பாக்ஸ் வரை, பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். குழாய் இல்லாமல் மண்ணில் போட்டால் பெருச்சாளி ஒரே வாரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

அந்த ஜங்ஷன் பாக்ஸ் நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே, நிழலில் இருக்கட்டும். மூன்று விளக்குகளின் ஒயரும் தனித்தனியாக அதற்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடுத்துக்கொண்டே போனால் கடைசி விளக்கு மங்கும், ஒன்று கெட்டால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும். பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறாதபடி பயன்படாத துளைகளை அடைத்துவிடுங்கள், இணைப்புகளின் மேல் ஜெல் நிரப்புங்கள். இன்னொன்று, ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்றரை மீட்டர் ஒயரைச் சுருட்டி நீருக்குள்ளேயே கல்லின் பின்னால் விட்டு வையுங்கள். அப்போதுதான் குளத்தில் இறங்காமலே விளக்கைக் கரைக்கு எடுத்துத் துடைக்க முடியும். குளத்துச் சுவரைத் துளைத்து ஒயரைக் கொண்டுபோகச் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஏற்காதீர்கள். கடப்பாக்கல் விளிம்பின் அடியில் ஒரு சிறு வெட்டு எடுத்து, அதன் வழியாக மேலிருந்து இறக்குங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்விக்கு விடை வாட்டில் இல்லை, உங்கள் தண்ணீரில் இருக்கிறது. விளக்கு வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை நூலில் கட்டி, பகலில் குளத்தின் அடி வரை இறக்குங்கள். மூன்றடி ஆழத்தில் தட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் உங்கள் நீர் விளக்குக்குத் தயார். ஒன்றரை அடியிலேயே தட்டு பச்சைக்குள் மறைந்தால், எந்த விலையில் எந்த விளக்கை வாங்கிப் போட்டாலும் மீன் தெரியாது. ஒளி நுண்பாசித் துகள்களில் பட்டுச் சிதறி, குளம் முழுவதும் ஒளிரும் பச்சைக் கஞ்சியாகத் தெரியும், வாட்டைக் கூட்டினால் கஞ்சி இன்னும் ஒளிரும், அவ்வளவுதான். அப்படியானால் விளக்குக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் வடிகட்டிக்கும் நிழலுக்கும் செலவிடுங்கள். அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் வேலூர் வெயிலில் அது பெரிய உதவி.

நீர் தெளிவாக இருந்தால் உங்கள் குளத்தின் 5,000 லிட்டருக்கு 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று தாராளம், இரண்டிலேயே திருப்தி அடைந்தாலும் வியப்பதற்கில்லை. கடைக்காரர் சொன்ன 48 வாட் அந்தச் சிறிய குளத்துக்கு மிகவும் அதிகம். சுற்றிலும் இருட்டாக இருக்கும் தோட்டத்தில் நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும், அங்கே கொஞ்ச வெளிச்சமே நிறையத் தெரியும். ஒளி விரியும் கோணம் 45 முதல் 60 டிகிரி இருக்கட்டும்.

நிறத்தில் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை, அதாவது 3,000 கெல்வின் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்று கேளுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன், பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இருக்கும், 80-க்கு மேல், கிடைத்தால் 90. இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் சிவப்பு ஒளியை மற்ற நிறங்களைவிட விரைவாக உறிஞ்சுகிறது. விளக்கிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து நம் கண்ணுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மீட்டர் நீரைக் கடப்பதற்குள் ஆழ்ந்த சிவப்பில் பாதியளவு போய்விடும். நீலம் கலந்த குளிர் வெள்ளையில் சிவப்பு முதலிலேயே குறைவு, ஆகவே அதில் கோய் மீனின் சிவப்பு பழுப்பாகத் தோன்றும். நிறம் மாறும் விளக்குகளில் இது இன்னும் மோசம். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் கொண்ட கொஹாக்கு மீனை நீல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உடம்பு வெளிர்நீலமாகவும், அந்த அழகான சிவப்பு கரித்துண்டு ஒட்டியதுபோலக் கறுப்பாகவும் இருந்தது. சிவப்புக்காகவும் வெள்ளைக்காகவும் ஜப்பானின் நீகாட்டா பகுதி உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மீனை அந்த நிறமே தெரியாத வெளிச்சத்தில் ஏன் பார்க்க வேண்டும்?

மேலிருந்து ஒரு விளக்கை அடித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். இரவில் வேலூர்க் கோட்டை அகழியின் ஓரம் நின்று பாருங்கள். சாலை விளக்குகளின் பிம்பம் நீரின் மேல் நீளநீளமாக ஆடும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. வெளியே விளக்கு இருந்தால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகிவிடுகிறது. விளக்கு உள்ளே போனால்தான் அந்தக் கண்ணாடி திறக்கும். ஆனால் உள்ளே எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் நல்ல குளமும் கண்கூசும் குளமும் பிரிகின்றன. நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் திண்ணைப் பக்கத்துச் சுவரோரம் விளக்குகளை வைத்து, அவை உங்களுக்கு முதுகு காட்டி எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி திருப்புங்கள். விளக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குள் நீந்திவரும் மீன் மட்டும் தெரியும்.

விளக்கை மேல்நோக்கித் திருப்பாமல், ஏறக்குறையக் கிடைமட்டமாக, அடியிலிருந்து ஓரடி உயரத்தில் வைப்பது நல்லது. நீருக்குள்ளிருந்து புறப்படும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து நீர்ப்பரப்பைத் தொட்டால் அதனால் வெளியே வர முடியாது, முழுவதும் உள்ளேயே திரும்பி எதிரொளிக்கும். கிடைமட்டமாக வைத்த விளக்கின் ஒளியில் பெரும்பகுதி இப்படிக் குளத்துக்குள்ளேயே சுழன்று மீன்மேல் படும். நேர் மேலே திருப்பிய விளக்கின் ஒளியோ மீனைத் தொடாமல் உங்கள் வேப்பமரத்துக்கும் அதற்கப்பால் வானத்துக்கும் போய்விடும். ஜவ்வாது மலையின் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருப்பதே அங்கே வானம் இருட்டாக இருந்ததால்தான். நம் வீட்டு விளக்கு அவ்வளவு தூரம் போய் எதையும் கெடுத்துவிடாது, ஆனாலும் தேவையில்லாத ஒளியை மேலே அனுப்பாமலிருக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்காரர்களுக்கு இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

குளத்தில் ஒரு மூலையை முழு இருட்டாக விட்டுவிடுங்கள். உங்கள் தாயாரின் கவலைக்கும் இதுவே முதல் பதில். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. மீனுக்குக் கண்ணிமை இல்லை, மூடிக்கொள்ள முடியாது. கோயும் தங்கமீனும் பகலில் மேய்ந்து இரவில் ஓய்வெடுப்பவை. இரவில் அவை அடியோரம் அசையாமல் நின்று, செவுளை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவே அவற்றின் தூக்கம். இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் அந்த ஓய்வு கெடும், நாளடைவில் தீனி எடுப்பதும் நோயைத் தாங்கும் வலுவும் குறையும். அந்தி சாய்ந்ததும் போட்டு, இரவு ஒன்பதரைக்கு, தவறினால் பத்து மணிக்கு அணைத்துவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. நன்றாக இருட்டிய பிறகு திடீரென்று சுவிட்சைத் தட்டாதீர்கள். கோய் மீன்கள் மிரண்டு, சுவரில் மோதும் அல்லது துள்ளி வெளியே விழும். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுவிட்டால் அவற்றுக்கு மாற்றமே தெரியாது.

இதற்கு ஒரு டைமர் போதும். ஆனால் விளக்கையும் பம்பையும் ஒரே டைமரில் இணைத்துவிடாதீர்கள். மின்சாரம் மிச்சம் என்று நினைத்து இதைச் செய்தவர்கள் வைகாசி மாத விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சூடான நீரில் பிராணவாயு கரைவதே குறைவு, இரவில் பாசியும் நீர்ச்செடிகளும்கூட அதையே எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் நீரைச் சுழற்றும் பம்பும் நின்றால் மீன்களுக்கு மூச்சுக்கு வழியில்லை. விளக்கு தூங்கலாம், பம்ப் தூங்கக் கூடாது.

விளக்கால் பாசி கூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பகல் முழுவதும் விழும் வெயிலோடு ஒப்பிட்டால் மூன்று மணி நேரம் எரியும் 15 வாட் ஒரு பொருட்டே இல்லை. விளக்கின் முகத்தில் மட்டும் பாசி படியும், துடைக்க வேண்டும். பூச்சிகளைப் பொறுத்தவரை, நீலமும் புறஊதாவும் குறைந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு அவை குறைவாகவே வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் மாலைகளில் எந்த விளக்குக்கும் வரத்தான் செய்யும். விழும் ஈசலை மீன்கள் ஆவலாகத் தின்னும், அன்றைக்குத் தீனி போடாதீர்கள், மிஞ்சியதை வலையால் அள்ளிவிடுங்கள். சூரிய ஒளியில் இயங்கும் மிதவை விளக்குகள் வெறும் அலங்காரம். அவற்றின் மின்கலம் நம் வெயிலில் நெடுநாள் தாங்காது, மீனைக் காட்டும் வெளிச்சமும் அவற்றில் கிடையாது.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திர நாள்களில் என் குளத்தில் வாரத்துக்கு இரண்டரை அங்குலம் வரை நீர்மட்டம் இறங்குகிறது. எல்.இ.டி. விளக்கு சுற்றியுள்ள நீரால்தான் குளிர்கிறது. நீர் இறங்கி அதன் தலை வெளியே தெரிந்தால், வெந்து கெட்டுவிடும். ஆகவே விளக்கின் மேல் எப்போதும் அரையடிக்குக் குறையாமல் நீர் நிற்கும்படி இடம் பாருங்கள். கடின நீர் விளக்கின் முகத்தில் விடும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவத்தைக் கத்தியால் சுரண்டினால் கண்ணாடி கீறிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்து வெளியே எடுத்து, வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த நீரிலோ அரை மணி நேரம் ஊறவைத்துத் துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள். புளியும் இந்த வேலையைச் செய்யும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிய கைக்கு இது புதிதல்ல. கழிவறை ஆசிடைக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

வாங்கி வந்ததும் நேராகக் குளத்தில் போடாமல், ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் மூன்றையும் மூழ்கவைத்து, மூன்று இரவுகள் நான்கு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, காலையில் கண்ணாடியின் உட்பக்கம் பாருங்கள். பனி படர்ந்ததுபோல ஒரு சிறு மங்கல் தெரிந்தாலும் ரசீதோடு கடைக்குத் திருப்பிவிடுங்கள். மூன்று இரவுகள் தாங்கிய விளக்கைக் குளத்தில் இறக்கியபின், ஒயரைக் கல்லால் அழுத்தி நிலைப்படுத்துமுன் இருட்டும் வரை காத்திருந்து, திண்ணையில் ஒருவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல விளக்கை விரலளவு விரலளவாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பகலில் சரியென்று தோன்றிய இடம் இரவில் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. நீருக்குள் கை வைக்கும் அந்த நேரம் முழுவதும் பம்பின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட 230 வோல்ட் ஃப்ளட் லைட்டைக் கடைக்காரர் திரும்பப் பெற்றால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் குளத்திலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஆர்.சி.சி.பி. வழியாக வரும் மின்சாரத்தில், கேட்டுப் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் நீர்ப்பரப்பின் மேல் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் நீருக்கடியில் நீங்கள் வைத்த மூன்று விளக்குகளும் இருப்பதே தெரியாது.